ஊறப்போட்ட நெல் ஒன்பது நாள் இராது: எஞ்சின் முகவர் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் உள்ள எஞ்சின் முகவர் நிறுவனத்தின் சேவைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எஞ்சின் சொந்தக்காரர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டு பக்கம், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். அதை வாங்கியவர்களில் நாலைந்து பேர் என் கராஜுக்குக் கொண்டுவந்து, "அண்ணை, இதில என்ன கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். வாசித்துச் சொன்னேன். இனிமேல் உங்கள் எஞ்சின்களின் ஈசிஎம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின் மென்பொருளை உங்கள் ஆட்கள் மட்டுமே அப்டேட் செய்யலாம். வெளி மெக்கானிக் கணினியை மாட்டிப் பிழைக் குறியீட்டை வாசித்தாலே வரண்டி போய்விடும். வடக்குக்கு மாதத்தில் இரண்டு தடவைதான் ஆள் வருவார், அதுவும் முன்கூட்டியே பதிந்தவர்களுக்கு மட்டும்.

இந்த முடிவைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் ஏலாது. இரண்டு கடிதம் போட்டேன். தொலைபேசியில் நாலு தடவை கதைத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிள்ளைகள் எடுத்து, "மேலிடத்துக்குச் சொல்லுறம்" என்றார்கள். மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் எனக்கு ஒரு டீசல் கராஜ் இருக்கிறது. அப்பாவிடம்தான் தொழில் பழகினேன். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்கு டீசலும் வராது, பற்றரியும் வராது. நீர் இறைக்கும் மெசினைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் நாங்கள். ஒரு லிஸ்ரர் எஞ்சினின் வால்வை அப்பா எண்ணெயும் மண்பொடியும் போட்டுக் கையாலேயே உரசி எடுப்பார். பக்கத்தில் நின்று லாம்பு பிடிப்பது என் வேலை. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கராஜில் கூரை இல்லை. பெஞ்சில் பூட்டியிருந்த, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மட்டும் துருப்பிடித்தபடி நின்றது. அதே வைஸில்தான் இன்றைக்கும் வேலை செய்கிறேன்.

இதைப் பழம்பெருமைக்குச் சொல்லவில்லை. உங்கள் சுற்றறிக்கையில் 'பயிற்சி இல்லாத வெளியாட்கள்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் என்னையும் போட்டிருக்கிறீர்கள், மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கும் என்னைப் போன்றவர்களையும் போட்டிருக்கிறீர்கள். ஈசிஎம் பெட்டியைத் திறப்பதற்கு எங்களுக்குப் பயிற்சி இல்லை என்பது உண்மை. அந்தப் பயிற்சியைத் தரும்படி எத்தனை தடவை கேட்டோம் என்பதையும் அந்தச் சுற்றறிக்கையில் எழுதியிருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அப்டேட்டுக்கு எதிரானவன் இல்லை. பழைய எஞ்சினில் டீசல் எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பதைப் பம்பும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரும் பார்த்துக்கொண்டன. பிசகினால் சிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்தோம். எல்லாச் சிலிண்டருக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில் அந்த வேலை முழுவதும் ஈசிஎம்மின் கையில். கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, ஓயில் அழுத்தம் என்ன, ரெயிலுக்குள் அழுத்தம் என்ன என்று சென்சர் சென்சராகக் கேட்டு, பார் என்ற அழுத்த அளவில் 1600க்கும் மேலே அழுத்தி வைத்த டீசலை எந்தக் கணத்தில் விடுவது என்று அதுதான் முடிவெடுக்கிறது. அந்த முடிவுகளெல்லாம் மென்பொருளில் எழுதி வைத்தவை. எழுதியவர்களுக்கும் பிழை வரும். எஞ்சின் விற்றுப் போன பிறகு தெரியவரும் பிழையைத் திருத்தத்தான் அப்டேட். அது வேண்டும். என் கேள்வி, அந்த அப்டேட் யாருடைய கையில், எங்கே, எந்த நேரத்தில், யாருடைய பொறுப்பில் நடக்கிறது என்பது பற்றியது.

முதலில் நெல் வெட்டும் மெசின் ஒன்றின் கதை. 2024 மாசி மாதம், காலபோக அறுவடை உச்சத்தில் நின்றது. கண்டாவளைப் பக்கத்தில் லீசிங்கில் மெசின் எடுத்த ஒரு தம்பி. எஞ்சின் அடித்து அடித்து ஓடுகிறது, வெள்ளைப் புகை வருகிறது என்று கூப்பிட்டான். ஒரு சிலிண்டருக்குள் டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்ரர் போய்விட்டது. புதிய இன்ஜெக்ரரை உங்கள் களஞ்சியத்திலிருந்தே காசு கட்டி எடுப்பித்தோம். பஸ்ஸில் வந்தது. அன்று மாலையே பூட்டினேன். இன்ஜெக்ரரின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு இன்ஜெக்ரரையும் சோதித்து, அது கொஞ்சம் கூடப் பாய்ச்சுமா குறையப் பாய்ச்சுமா என்று பார்த்துப் போடும் குறியீடு. அதை ஈசிஎம்முக்குள் எழுதிவிட்டால்தான் அந்தச் சிலிண்டருக்கான அளவை அது சரியாகக் கணிக்கும். மெசின்காரத் தம்பியின் பத்து வயது மகன் ரோச் பிடிக்க, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எழுத்து எழுத்தாக ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வைத்தேன்.

அந்த எழுத்துகளை உள்ளே ஏற்ற உங்கள் மென்பொருள் வேண்டும். அது இல்லாமல் அந்த மெசின் முழு வலுவைத் தராது. மஞ்சள் விளக்கு எரிந்தபடி அரை வலுவில் ஊர்ந்தது. உங்களுக்கு அறிவித்தோம். ஆள் வர ஆறு நாள். வந்தவர் கேபிளை மாட்டினார், நான் எழுதி வைத்த மட்டையைப் பார்த்து எழுத்துகளைத் தட்டினார், ஸ்ராட் பண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம். அந்த ஆறு நாளில் இரண்டு நாள் மழை பெய்தது. வெட்டுக்குக் காத்து நின்ற வயல்களில் நெல் படுத்துவிட்டது. படுத்த கதிர் சேற்றில் கிடந்து முளைவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். மெசின் நின்ற நாளுக்கும் லீசிங் தவணை ஓடும். அந்த மாதக் கட்டுக் காசுக்கு மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போனது.

பன்னிரண்டு நிமிட வேலை. குறியீடு ஏற்றும் அனுமதி கிளிநொச்சியில் ஒரே ஒருவரிடம் இருந்திருந்தால் அன்று இரவே முடிந்திருக்கும்.

இனி நான் இந்த மடலை எழுதக் காரணமான விடயத்துக்கு வருகிறேன்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஓர் அக்கா அரிசி மில் நடத்துகிறார். கணவர் கடைசிச் சண்டையில் இல்லாமல் போனவர். இரண்டு பெண் பிள்ளைகளை அந்த மில்லில்தான் படிப்பித்தார். அந்த ரோட்டுக் கறண்ட் வீடுகளுக்குப் போதும், மில்லின் பெரிய மோட்டருக்குக் காணாது. அதனால் மில் ஜெனரேற்றரில்தான் ஓடும். ஜெனரேற்றரின் எஞ்சின் உங்களுடையது.

இந்த வருடம் தை மாதக் கடைசியில் எஞ்சின் இரண்டு தடவை தானாக நின்றது. ஓயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று காட்டி நின்றது. டிஸ்பிளேயில் எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1 என்று இருந்தது. அந்த எண்கள் உங்கள் சொந்த இரகசியம் இல்லை, கனரக எஞ்சின்களுக்கான ஜே1939 என்ற பொது ஒழுங்கில் உள்ளவைதான். 100 என்றால் ஓயில் அழுத்தம், 1 என்றால் ஆபத்தான அளவுக்குக் குறைவு. சரி, பெட்டி சொன்னதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று சென்சரைக் கழற்றி அதே துவாரத்தில் முள் உள்ள பழைய கேஜ் ஒன்றைப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். சுமையோடு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். முள் அசையவில்லை, அழுத்தம் நன்றாகவே இருந்தது. எஞ்சினில் பிழை இல்லை. உங்களிடம் கேட்டபோது, இந்த மொடலில் ஓயில் அழுத்த அளவீட்டைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஒரு குறை இருக்கிறது, அதற்கு அப்டேட் வந்திருக்கிறது என்றார்கள். நல்லது. குறையை ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்கிறேன். அக்கா காசு கட்டிப் பதிந்தார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், பண்பான பிள்ளை. முதல்நாள் இரவு கொழும்பில் வெளிக்கிட்டு, வரும் வழியில் இரண்டு இடத்தில் வேலை முடித்து, பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். ஐந்து மணிக்கு வவுனியாவில் நிற்க வேண்டும் என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா தேத்தண்ணி கொடுத்தார். அதையும் நின்றபடி குடித்தார்.

அன்று காலைதான் அக்கா சீமெந்துத் தொட்டிகளில் நாற்பது மூடை நெல்லை ஊறப்போட்டிருந்தார். அடுத்த நாள் காலையில் அவிக்க வேண்டிய நெல். அரை மணித்தியால வேலைதானே, இருட்டும் முன்னம் மில் ஓடும் என்று சொன்னவர் நான்தான். அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஈசிஎம்முக்கு மென்பொருள் ஏற்றும்போது எஞ்சின் ஓடாது, சாவி மட்டும் ஒன் நிலையில் இருக்கும். அந்த நேரம் முழுவதும் மின்சாரம் பற்றரியிலிருந்துதான் போகும், நிரப்ப ஆள் இல்லை. ஏற்றும்போது பெட்டி முதலில் பழைய மென்பொருளை அழிக்கும், பிறகு புதியதை எழுதும். இடையில் மின்னழுத்தம் விழுந்தாலோ கேபிள் கழன்றாலோ பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இது டீசல் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அதனால்தான் நல்ல சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிட்டு ஏற்று என்பது பாலபாடம். அந்த ஜெனரேற்றரில் இரண்டு 12 வோல்ட் பற்றரி தொடரில் பூட்டியிருந்தது. நாலு வருடப் பழசு. சாவியைப் போட்டதும் என் மீற்றரை வைத்துப் பார்த்தேன். 24.1. கொஞ்ச நேரத்தில் 23.8. "தம்பி, சார்ஜர் பூட்டுவம், இல்லாட்டி என்ர வாகனத்துப் பற்றரியைக் கொண்டுவந்து குடுப்பம், பத்து நிமிசம் பொறுங்கோ" என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வானில் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்டுதான் இருந்தது அண்ணை, அது மற்ற டீமோட போயிட்டுது" என்றார். மென்பொருள் ஏற்றத் தொடங்கும் பொத்தானை ஏற்கெனவே தட்டிவிட்டார்.

மடிக்கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. 20, 35, 50. மில்லுக்குள் ஒரு சத்தமும் இல்லை. தொட்டிக்குள் நெல்லிலிருந்து குமிழி வரும் சத்தம்கூடக் கேட்டது. 64இல் கோடு நின்றது. அவர் கேபிளை அழுத்திப் பார்த்தார். நான் மீற்றரைப் பார்த்தேன், 22க்குக் கீழே போயிருந்தது. பிறகு திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது, ஈசிஎம்முடன் தொடர்பு இல்லை என்று. ஜெனரேற்றர் டிஸ்பிளேயில் எஞ்சின் தரவுகள் எல்லாம் கோடு கோடாக மாறிவிட்டன. சில வேளை திரும்ப ஏற்றி மீட்க முடியும். என் வாகனத்துப் பற்றரிகளைக் கொண்டுவந்து பூட்டி மூன்று தடவை முயன்றோம். மீளவில்லை. அந்தப் பிள்ளையின் கை நடுங்கியது. இருட்டும் வரைக்கும் விடாமல் முயன்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு சார்ஜரை இரண்டு வானுக்குப் பங்கு போட்டு, ஒரு நாளில் நாலு ஊருக்கு ஓடவிட்டவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

ஊறிய நெல்லைத் தொட்டியில் வைத்திருக்க முடியாது. இரண்டாம் நாள் தண்ணீர் மாற்றினோம். மூன்றாம் நாள் புளித்த வாடை வீதி வரைக்கும் வந்தது. அயலட்டைச் சனம் வந்து, பீப்பாய்களை வெட்டி அடுப்பு மூட்டி, விறகில் அவித்துக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் தப்பியது. மிச்சம் மாட்டுக்குப் போனது. அந்த நெல்லில் ஒரு பகுதி அக்காவுடையது, ஒரு பகுதி குத்துக்குக் கொடுத்த சனங்களுடையது. தங்கள் நெல்லைக் கேட்டு அக்காவிடம் வந்தவர்கள் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒவ்வொருவருக்கும் அரிசியாக ஈடு கொடுத்தார், கடனுக்கு வாங்கி.

புதிய ஈசிஎம் வர ஒன்பது நாள். அதற்கான பில்லும் அதோடு வந்தது. ஈசிஎம்மின் விலை, மென்பொருள் ஏற்றும் கூலி, கொழும்பிலிருந்து போகவர இரண்டு பயணத்தின் கிலோமீற்றர் காசு. முதல் பயணத்துக்கும் சேர்த்து. காரணம் கேட்டால் 'பற்றரியின் நிலை வாடிக்கையாளரின் பொறுப்பு' என்று கீழே ஒரு வரி. இரண்டு போகத்தில் மில் சேர்த்த காசு அந்த ஒரு காகிதத்தில் போனது.

இன்னும் முடியவில்லை. புதிய பெட்டியோடு எஞ்சின் ஓடியது, ஆனால் பெரிய மோட்டரைப் போட்டவுடன் வேகம் விழுந்து லைற்றெல்லாம் மங்கியது. முன்பு அப்படி இல்லை. மில்லின் சுமைக்கு ஏற்றபடி கவர்னர் அமைப்புகளை எஞ்சின் பூட்டிய காலத்தில் உங்கள் ஆட்களே சரிசெய்திருந்தார்கள். அப்டேட்டுக்கு முன்னம் அந்த அமைப்புகளின் நகல் ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. செத்த பெட்டியிலிருந்து பிறகு எடுக்கவும் முடியாது. தொழிற்சாலை அமைப்போடு புதிய பெட்டி வந்தது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய இன்னொரு பயணம், இன்னும் ஒரு கிழமை.

இவ்வளவும் நடந்த பிறகுதான் உங்கள் சுற்றறிக்கை வந்தது. பிழை எங்கே நடந்தது என்று பார்த்துத் திருத்துவீர்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நீங்களோ வெளியாட்களைத் தொடவிடாமல் பூட்டுவதுதான் தீர்வு என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அன்று அந்த மில்லில் பற்றரியைப் பற்றி எச்சரித்தவர் வெளியாள்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்க நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். தொலைபேசியில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மென்பொருளைத் திறந்துவிட்டால் ஆட்கள் எஞ்சினின் வலுவைக் கூட்டிவிடுவார்கள், புகைக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுவார்கள், எஞ்சின் வெடித்தால் பெயர் கொம்பனிக்குத்தான் கெடும் என்றார். அந்தப் பயம் பொய் இல்லை. வலுவைக் கூட்டிக் கேட்டு வருபவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் பிழைக் குறியீட்டை வாசிப்பதற்கும், இன்ஜெக்ரர் குறியீட்டை எழுதுவதற்கும், நீங்களே வெளியிட்ட அப்டேட்டை மாற்றாமல் ஏற்றுவதற்கும், எரிபொருள் அளவு அட்டவணையைத் திறந்து கை வைப்பதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் மென்பொருளிலேயே அதற்கு வெவ்வேறு படிநிலை அனுமதி இருக்கிறது. உங்கள் இளம் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் எல்லாக் கதவும் திறக்காது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். அந்தக் கீழ்ப்படி அனுமதியைத்தான் கேட்கிறோம்.

நீங்கள் பூட்ட பூட்ட வேறொன்று நடக்கிறது. உடைத்த மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு விற்கிறார்கள். வெட்டுக் காலத்தில் மெசின் நிற்கும் மனிதன் எதையும் வாங்குவான். போன வருடம் அப்படி ஒன்றைப் போட்டு, வேறு மொடலுக்கான கோப்பை ஏற்றிய ஒரு பெக்கோ, மண் வெட்டும் இயந்திரம், என் கராஜுக்குக் கயிற்றில் இழுபட்டு வந்தது. அதை நான் தொடவில்லை. நியாயமான விலைக்கு நேரான வழி இருந்தால் அந்தப் பென் டிரைவுக்கு ஆளே இராது.

வெளிநாட்டில் இப்படித்தான் என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். இந்த எஞ்சின்களும் ரக்ரர்களும் பெருமளவில் ஓடும் அமெரிக்காவிலேயே, திருத்துவதற்காகத் தன் ரக்ரரின் மென்பொருளைச் சொந்தக்காரர் திறப்பது பதிப்புரிமைக் குற்றம் ஆகாது என்று 2015இல் விலக்குக் கொடுத்தார்கள். கொலராடோ மாநிலத்தில் 2024 தை முதலாம் திகதியிலிருந்து, விவசாய இயந்திரம் செய்பவர்கள் உதிரிப்பாகத்தையும் மென்பொருளையும் கருவியையும் கையேட்டையும் சொந்தக்காரருக்கும் வெளித் திருத்துநருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே உள்ள கமக்காரனுக்குச் சட்டத்தால் கிடைப்பதை இங்கே உள்ள கமக்காரனுக்கு உங்கள் மனத்தால் கொடுக்கலாம். அதற்குச் சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

பயிற்சிக்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பம் படித்து வெளியே வரும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அதே நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை ஒவ்வொரு பன்னிரண்டு நிமிட வேலைக்கும் ஓடுவதைவிட, ஒரு தடவை வந்து ஒரு கிழமை நின்று பத்துப் பேருக்குப் பழக்கிவிட்டுப் போவது உங்களுக்கும் இலாபம். பழகுவதற்கான காசைக் கட்டவும், சோதனை எழுதவும், பிழை விட்டால் அனுமதியைப் பறிகொடுக்கவும் நாங்கள் ஆயத்தம். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நேராகக் கேட்கிறேன்.

அந்த மில்லுக்கார அக்காவிடம் வாங்கிய ஈசிஎம் காசையும் பயணக் காசையும் திருப்பிக் கொடுங்கள். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் ஆளின் கேபிளில், உங்கள் மென்பொருளில், சார்ஜர் இல்லாமல் செத்த பெட்டி அது. பற்றரி சரியில்லை என்றால் தொடங்காமல் விடுவது ஏற்றுபவரின் பொறுப்பு. இனிமேலும் உங்கள் அப்டேட்டின் நடுவில் ஈசிஎம் செத்தால் அந்தச் செலவு உங்களுடையது என்று எழுத்தில் அறிவியுங்கள்.

வடக்குக்கு வரும் ஒவ்வொரு வானிலும் ஒரு சார்ஜர் இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்னம் பழைய அமைப்புகளின் நகலை எடுத்து, ஒன்றை எஞ்சின் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும். எந்தப் பதிப்பு இருந்தது, எந்தப் பதிப்பு ஏற்றப்பட்டது, ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். அந்தத் தாளும் உங்கள் சுற்றறிக்கைகளும் தமிழிலும் இருக்க வேண்டும். இலட்சக்கணக்கில் காசு கொடுத்து எஞ்சின் வாங்கியவர் தன் எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று அறிய என் கராஜ் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

பிழைக் குறியீடு வாசித்தால் வரண்டி போகும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். வாசிப்பதால் எந்த எஞ்சினும் பழுதாகாது. வாசிக்கவும் இன்ஜெக்ரர் குறியீடு எழுதவும் மட்டும் அனுமதிக்கும் மென்பொருளை, ஆண்டுச் சந்தா அடிப்படையில், பயிற்சி முடித்த உள்ளூர் மெக்கானிக்குகளுக்குக் கொடுங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பேர். முதல் வகுப்பை அறிவியல் நகரில் வையுங்கள்.

அது நடக்கும் வரைக்கும் காலபோக வெட்டில் தையிலிருந்து பங்குனி வரைக்கும், சிறுபோக வெட்டில் ஆவணியிலும் புரட்டாதியிலும், ஒரு தொழில்நுட்பவியலாளரைக் கருவிகளோடு கிளிநொச்சியில் தங்க வையுங்கள். தங்க இடம் இல்லை என்றால் நான் ஒழுங்கு செய்து தருகிறேன். எஞ்சினுக்கு உடனடி ஆபத்து இல்லாத அப்டேட்டுகளை இந்த மாதங்களில் ஏற்றவே வேண்டாம். வெட்டு முடிந்து மெசின்கள் கொட்டிலில் நிற்கும் சித்திரையில் ஏற்றுங்கள். அப்போது ஒன்பது நாள் எடுத்தாலும் யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.

மென்பொருள் கோப்புகளை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முத்தையன்கட்டுப் பக்கத்தில் போனுக்கே சிக்னல் பிடிக்க மரத்தடி மரத்தடியாகப் போக வேண்டும்.

சிறுபோக வெட்டு ஆவணியில் தொடங்கும். அதற்கு முன்னம், ஆடி மாதக் கடைசிக்குள், இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். அந்தச் சுற்றறிக்கையை யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள், தமிழில்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
பரந்தன் – முல்லைத்தீவு வீதி